உலகின் மிகப்பெரிய பூவை யார் கண்டுபிடித்தது?

பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் இடம்பிடிக்கும் கேள்வி ஒன்று உண்டு. உலகின் மிகப்பெரிய பூ எது? விடை: ரஃப்லேசியா ஆர்னால்டி. அடுத்த வரியிலேயே இன்னொன்றும் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் யார்? விடை: ஜோசப் ஆர்னால்டு, 1818. சில புத்தகங்களில் ராஃபிள்ஸ் என்று போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் நிச்சயம்.

முதல் விடையில் சிக்கல் இல்லை. இரண்டாவதுதான் கொஞ்சம் உதைக்கிறது. ஆர்னால்டுக்கு 21 வருடம் முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு பூவைப் பார்த்து, குறிப்பெழுதி, படமும் வரைந்து வைத்திருந்தார். ஆர்னால்டைக் கூப்பிட்டுக் கொண்டுபோய்ப் பூவைக் காட்டியவரோ வேறொருவர். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே அந்தக் காட்டைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பூ நன்றாகத் தெரியும். பெயர் வைத்திருந்தார்கள், மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது பெயர் மட்டும் எப்படி இரண்டு ஆங்கிலேயர்களுக்குப் போனது? அந்தக் கதை பூவை விடச் சுவாரசியமானது.

முதலில் பூவைப் பற்றிக் கொஞ்சம்.

இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை

ரஃப்லேசியா ஒரு செடி என்று சொல்வதற்கே தயக்கமாக இருக்கும். இதற்கு இலை கிடையாது. தண்டு கிடையாது. வேர் கிடையாது. பச்சையம் துளிக்கூட இல்லை. மழைக்காட்டில் மரங்களைச் சுற்றிப் படரும் டெட்ராஸ்டிக்மா என்ற கொடிக்குள், பூஞ்சை இழை போல மெல்லிய நூல்களாக இது ஒளிந்து வாழ்கிறது. இந்தக் கொடி திராட்சைக் குடும்பம், அதாவது நம்மூர்ப் பிரண்டைக்கு உறவு. தண்ணீர், சர்க்கரை, தாதுச்சத்து என்று எல்லாவற்றையும் அந்தக் கொடியிடமிருந்தே உறிஞ்சிக் கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஒரு ஒட்டுண்ணி குடியிருப்பதே தெரியாது.

ஒரு நாள் கொடியின் பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு சின்ன மொட்டு எட்டிப் பார்க்கும். பல மாதங்கள் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பெருத்து, ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு வரும். பார்ப்பதற்கும் முட்டைக்கோஸ் மாதிரியே இருக்கும். வழியில் அழுகிப் போகும் மொட்டுகள்தான் அதிகம். தப்பிப் பிழைத்தது விரியும்போது ஐந்து தடித்த மடல்கள், செங்கல் நிறம், அதன் மேல் வெள்ளைத் திட்டுகள், நடுவில் ஒரு பெரிய கிண்ணம். ஆர்னால்டி இனத்தில் விட்டம் ஒரு மீட்டரைத் தொடும். மேற்கு சுமத்ராவில் 2020 ஜனவரியில் பூத்த ஒன்று 111 சென்டிமீட்டர் இருந்தது. ஒரு சின்னக் குழந்தையை உள்ளே உட்கார வைக்கலாம், அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் குழந்தையாக இருந்தால்!

நாற்றம் அழுகிய இறைச்சியின் நாற்றம். அது யாருக்காக என்றால் ஈக்களுக்காக. செத்த பிராணி கிடக்கிறது என்று நம்பி ஈ உள்ளே நுழைகிறது. ஆண் பூவாக இருந்தால் கிண்ணத்துக்குள் ஊர்ந்து போகும் ஈயின் முதுகில் பசை போன்ற மகரந்தம் அப்பிக் கொள்ளும். அந்த ஈ பக்கத்திலேயே ஒரு பெண் பூவையும் தேடிப் போய் ஏமாற வேண்டும். பூ விரிந்து நிற்பது ஐந்திலிருந்து ஏழு நாள்தான். அந்தச் சில நாட்களுக்குள், ஈ பறக்கும் தூரத்தில், எதிர்பாலினப் பூ ஒன்றும் விரிந்திருக்க வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். அமைந்துவிட்டால் காய்க்கும்; காயில் ஆயிரக்கணக்கில் தூசி போன்ற விதைகள். அந்த விதை இன்னொரு கொடிக்குள் எப்படி நுழைகிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. காட்டு யானையின் காலில் ஒட்டிக்கொண்டு பரவுகிறது என்று முன்பு சொன்னார்கள். இப்போது மர மூஞ்சூறு, அணில், எறும்பு ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பிணமலர்' என்ற பெயரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வேறொரு பூவின் படமும் அடிக்கடி சுற்றுகிறது. அது டைட்டன் ஆரம். அதுவும் சுமத்ராக்காரர்தான், அதற்கும் நாற்றம் உண்டு. ஆனால் அது ஒற்றைப் பூ அல்ல. ஒரே தண்டில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த மஞ்சரி. நம் சமையலறையில் வறுவலாகும் சேனைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம் அது. ஒற்றைப் பூவில் பெரியது என்றால் ரஃப்லேசியாதான்.

சிறைபட்ட கப்பலிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர்

1791ல் பிரான்ஸிலிருந்து இரண்டு கப்பல்கள் கிளம்பின. பசிபிக் கடலில் காணாமல் போன லா பெரூஸ் என்ற மாலுமியைத் தேடுவது வேலை. தலைவர் தாந்த்ரகாஸ்தோ. போகிற போக்கில் செடி கொடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேகரிக்க விஞ்ஞானிகளும் உடன் போனார்கள். அவர்களில் ஒருவர் லூயி அகுஸ்த் தெஷான். வயது இருபத்தைந்து தாண்டியிருந்தது.

லா பெரூஸ் கிடைக்கவில்லை. தாந்த்ரகாஸ்தோ 1793ல் கடலிலேயே இறந்து போனார். மிச்சம் இருந்தவர்கள் அதே வருடக் கடைசியில் நோயும் பசியுமாக ஜாவாவின் சுரபயா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே காத்திருந்தவை அடுக்கடுக்கான செய்திகள். ஊரில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள். பிரான்ஸ் குடியரசாகிவிட்டது. ஜாவாவை ஆளும் டச்சுக்காரர்களோடு போர் வேறு! கப்பலுக்குள்ளேயே ராஜா கட்சி, குடியரசுக் கட்சி என்று பிளவு. கப்பல்கள் டச்சுக்காரர் கைக்குப் போயின.

தெஷான் ஜாவாவிலேயே தங்கிவிட்டார். வான் ஓவர்ஸ்ட்ராட்டன் என்ற டச்சு அதிகாரி அவரிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். தீவு முழுக்கச் சுற்றி அதன் இயற்கை வளத்தை எழுதித் தர வேண்டும். ஒரு தாவரவியலாளருக்கு இதைவிட நல்ல சிறைவாசம் கிடைக்காது. அப்படிச் சுற்றியபோதுதான் 1797ல், ஜாவாவின் தெற்குக் கரையை ஒட்டிய நூசா கம்பாங்கன் என்ற சின்னத் தீவில் அந்தப் பூவைப் பார்த்தார். இன்று ரஃப்லேசியா பட்மா என்று அழைக்கப்படும் இனம் அதுதான் என்று கருதுகிறார்கள். ஆர்னால்டியை விடச் சிறியது, ஆனாலும் பெரிய பூதான். (அதே தீவு இன்று இந்தோனேசியாவின் மிகக் கடுமையான சிறைச்சாலைகளுக்குப் பேர் போனது.)

தெஷான் எழுதினார், வரைந்தார், பெட்டிகளில் அடுக்கினார். ஒருவழியாக ஊர் திரும்பும் வழியில் அவர் போன கப்பலை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். பிரான்ஸோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். பெட்டிகள் பறிமுதல்.

அன்று லண்டனில் தாவரவியலின் முடிசூடா மன்னர் சர் ஜோசப் பேங்க்ஸ். தெஷானோடு அதே பயணத்தில் வந்த லாபியார்தியேர் என்பவரின் சேகரிப்பும் இப்படித்தான் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. விஞ்ஞானத்துக்குள் போர் வரக்கூடாது என்று பேங்க்ஸ் வாதாடி, அதை 1796ல் திருப்பிக் கொடுக்க வைத்தார். தெஷானுக்காகவும் அவர் பேசியதாகச் சொல்லப்படுகிறது. பலிக்கவில்லை. காகிதங்கள் எங்கோ போய்விட்டன. 1860 வாக்கில் லண்டனில் விலைக்கு வந்தன. அருங்காட்சியகம் வாங்கியது. வாங்கி, மறுபடியும் ஏதோ ஒரு அலமாரியில் தொலைத்தது! 1954ல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. தெஷான் பூவைப் பார்த்து அதற்குள் 157 வருடம் ஓடிவிட்டது.

ஆங்கிலேயர்கள் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த மாதிரி சதிக்குச் சாட்சி எதுவும் கிடையாது. அலட்சியம் என்ற ஒன்றே போதும், சதி தேவையில்லை. ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான்.

மன்னா ஆற்றங்கரை, மே 1818

ராஃபிள்ஸ் என்றால் நமக்கெல்லாம் சிங்கப்பூர்தான் ஞாபகம் வரும். அது 1819. அதற்கு முன்பு 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்டவர் அவர். 1812ல் யோக்யகர்த்தா அரண்மனையை அவருடைய படை சூறையாடியதும் வரலாறு. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அவரை சுமத்ராவின் மேற்குக் கரையில் இருந்த பென்கூலனுக்கு அனுப்பியது. இன்றைய பெங்குலு. மிளகு வியாபாரத்துக்காக 1685ல் ஆங்கிலேயர்கள் போட்ட கூடாரம். ஆரம்பத்தில் சென்னைக் கோட்டையின் கீழ்தான் இருந்தது. வருமானம் இல்லாத, காய்ச்சல் பிடித்த, பதவி உயர்வு என்று சொல்லி யாரையும் ஏமாற்ற முடியாத ஊர்.

1818 மார்ச்சில் ராஃபிள்ஸ் தன் மனைவி சோஃபியாவோடு அங்கே வந்து இறங்கினார். கூடவே வந்த மருத்துவர்தான் ஜோசப் ஆர்னால்டு. வயது 35. இங்கிலாந்தின் பெக்கிள்ஸ் ஊர்க்காரர், கடற்படையில் வைத்தியம் பார்த்தவர், பூச்சி பிடிப்பதிலும் செடி சேர்ப்பதிலும் பித்து. 1815ல் படேவியா துறைமுகத்தில் அவர் வந்த கப்பல் தீப்பிடித்து, அதுவரை சேர்த்ததெல்லாம் சாம்பலானது. மனம் தளராமல் மறுபடியும் அதே திசைக்குக் கிளம்பி வந்திருந்தார். பரிந்துரை செய்தவர் யார் தெரியுமா? அதே ஜோசப் பேங்க்ஸ்.

மே மாதம் ராஃபிள்ஸ், சோஃபியா, மன்னா பகுதியின் அதிகாரி பிரெஸ்கிரேவ், ஆர்னால்டு ஆகியோர் உள்நாட்டு மலைப்பகுதிக்குக் கிளம்பினார்கள். மன்னாவிலிருந்து இரண்டு நாள் நடைதூரத்தில், ஆற்றங்கரையில் புலோ லெபார் என்ற இடம். ஆர்னால்டு கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் முன்னால் போயிருந்தார். அப்போது மலாய்ப் பணியாளர் ஒருவர் கண்கள் விரிய ஓடி வந்து அவரைக் கூப்பிட்டார். பூ ஒன்று இருக்கிறது, ரொம்பப் பெரியது, அழகானது, அதிசயமானது, வந்து பாருங்கள் என்று அவசரப்படுத்தினார். ஆர்னால்டு அவர் பின்னாலேயே புதருக்குள் போனார்.

அங்கே தரையோடு தரையாக அது விரிந்து கிடந்தது.

பார்த்ததும் முதலில் தோன்றியது, இதை வெட்டி எடுத்துக் குடிசைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் என்று ஆர்னால்டே எழுதியிருக்கிறார். அந்தப் பணியாளரின் பாராங் கத்தியை வாங்கி அடியில் வெட்டினார். இத்தனை பெரிய பூவுக்கு அடியில் இருந்தது, இரண்டு விரல் பருமனில் தரையோடு படுத்து ஓடிய ஒரு வேர் மட்டும்தான். பூவின் குறுக்களவு ஒரு கெஜம். ஒவ்வொரு மடலும் ஒரு அடி. நடுக்கிண்ணத்தில் பன்னிரண்டு பைண்ட் தண்ணீர் பிடிக்கும் என்று கணக்கிட்டார். ஆறேழு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எடை 15 பவுண்டு. உள்ளே ஈக்கள் மொய்த்துக் கொண்டிருந்தன. கெட்டுப்போன மாட்டிறைச்சியின் வாடை என்று அதையும் சரியாகவே குறித்தார்.

அவர் கடிதத்தில் ஒரு இடம் உண்டு. தான் மட்டும் தனியாகப் பார்த்திருந்தால், சாட்சிக்கு யாரும் இல்லாமல் இருந்திருந்தால், இந்த அளவுகளை வெளியே சொல்லவே பயந்திருப்பேன் என்கிறார். சாட்சிகள் யார் யார் என்றும் சொல்கிறார். ராஃபிள்ஸ், சோஃபியா, பிரெஸ்கிரேவ். கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர் சாட்சிக் கணக்கில் சேரவில்லை. "மலாய்ப் பணியாளர்களில் ஒருவர்" என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. ஆர்னால்டு கெட்டவரல்ல. பூவைப் பார்த்தது தானாக இல்லை, இன்னொருவர் காட்டித்தான் என்பதை மறைக்காமல் எழுதியவர். ஆனாலும் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் குறிப்புகளில் வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்கிகளுக்கும் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை.

கடிதத்தை ஆர்னால்டு முடிக்கவும் இல்லை. காட்டிலிருந்து திரும்பியவரைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஜூலை மாதக் கடைசியில் பாடாங் நகரில் இறந்து போனார். பூவைப் பார்த்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மீதிக் கடிதத்தை ராஃபிள்ஸ் எழுதி முடித்து, படத்தோடும் பூவின் பாகங்களோடும் லண்டனுக்கு, பேங்க்ஸுக்கு அனுப்பி வைத்தார்.

பெயருக்கு ஒரு ஓட்டப்பந்தயம்

தாவரவியலில் ஒரு விதி உண்டு. முதலில் பார்த்தவருக்கு மரியாதை கிடையாது. முதலில் முறைப்படி அச்சில் ஏற்றியவர் வைத்த பெயர்தான் நிற்கும். எனவே அடுத்த ஆட்டம் காட்டில் அல்ல, அச்சகத்தில்.

பேங்க்ஸ் தன் நூலகரும் அன்றைய தலைசிறந்த தாவரவியலாளருமான ராபர்ட் பிரவுனிடம் பூவைக் கொடுத்தார். பிரவுன் அவசரம் தெரியாத மனிதர். ஒவ்வொரு திசுவையும் வெட்டி, பார்த்து, யோசித்து, மறுபடி பார்த்து... ஃபிரான்ஸ் பாவர் என்ற அற்புதமான ஓவியர் படங்கள் வரைந்தார். ஒரு வருடம் போனது. இன்னொரு வருடமும் போனது.

பென்கூலனில் இருந்தவர்களுக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஆர்னால்டின் இடத்துக்கு வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் வந்திருந்தார். அவரும் மருத்துவர், அவரும் தாவரவியல் பித்தர். ராஃபிள்ஸ் வேலைக்கு வைத்திருந்த தியார், துவோசெல் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்கையியலாளர்கள் 1820ல் அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அவர்கள் பாரிஸுக்கு எழுதிப் போட்டுவிட்டால்? லண்டனிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஜாக் காத்திருக்கவில்லை. 'ரஃப்லேசியா டைட்டன்' என்ற பெயரில் தானே ஒரு விவரணை எழுதி, பென்கூலனில் இருந்த மிஷன் அச்சகத்தில் 1820ல் அச்சிட்டுவிட்டார்.

அதே 1820 ஜூன் 30 அன்று, லண்டன் லின்னேயன் சங்கத்தில் பிரவுன் தன் கட்டுரையை வாசித்தார். பேரினத்துக்கு ராஃபிள்ஸ் பெயர், சிற்றினத்துக்கு ஆர்னால்டு பெயர். இந்தச் செய்தியை அந்த வருடமே ஒரு அறிவியல் இதழும் வெளியிட்டது. பிரவுன் வைத்த பெயர் நின்றது. ஜாக்கின் 'டைட்டன்' அடிக்குறிப்புக்குப் போனது. பூவைக் கையில் வாங்கிப் பிரவுனிடம் தந்த பேங்க்ஸ் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பதினோரு நாள் முன்புதான் அவர் இறந்திருந்தார்.

1825ல் ப்ளூம் என்ற டச்சு அரசின் தாவரவியலாளர், தெஷான் நின்ற அதே நூசா கம்பாங்கன் தீவிலிருந்து பட்மா இனத்தை விவரித்துப் பெயர் சூட்டினார். தெஷானின் காகிதங்கள் அப்போது எங்கே கிடந்தன என்று யாருக்கும் கவலையில்லை.

பந்தயத்தில் வென்றவர்களுக்காவது வாழ்க்கை இனித்ததா என்றால் அதுவும் இல்லை. ஜாக் 1822ல் காய்ச்சலில் இறந்தார், 30 வயது கூட நிறையவில்லை. ராஃபிள்ஸ் தம்பதி பென்கூலனில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். 1824 பிப்ரவரி 2ம் தேதி ஊர் திரும்பக் கிளம்பிய 'ஃபேம்' கப்பல், கரை விட்ட அன்று இரவே தீப்பிடித்து எரிந்தது. ஆட்கள் படகில் ஏறித் தப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள், ஆயிரக்கணக்கான ஓவியங்கள், ஜாக்கின் கையெழுத்துப் பிரதிகள், கூண்டில் இருந்த மிருகங்கள், சுமத்ராவைப் பற்றி எழுதத் திரட்டிய குறிப்புகள் எல்லாம் கடலில் போயின. இரண்டே வருடத்தில் ராஃபிள்ஸும் இறந்தார். பென்கூலனை 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்களுக்கே விட்டுக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எத்தனை பெட்டிகள்! ஒருவருடையது பறிமுதல், ஒருவருடையது துறைமுகத்தில் தீ, ஒருவருடையது நடுக்கடலில் தீ. ஒழுங்காக லண்டன் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு பார்சல். அந்தப் பார்சலில் யார் பெயர் இருந்ததோ அவர்கள் பெயர்தான் பூவுக்கு.

பத்ம ராட்சசன்

பிரவுனும் ஜாக்கும் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது பூவுக்கு ஏற்கனவே பெயர்கள் இருந்தன. சுமத்ராவில் குருபுட், அம்புன் அம்புன் என்ற பெயர்களை ராஃபிள்ஸ் தரப்பே கேட்டு எழுதியிருக்கிறது. ஜாவாவில் பட்மா.

பட்மா என்ற சொல் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? அது பத்மம்தான். தாமரை! ஜாவா மொழியில் சமஸ்கிருதச் சொற்கள் ஆயிரம் வருடமாகக் குடியிருக்கின்றன. விரிந்த பெரிய பூ என்றதும் அவர்களுக்குத் தாமரை ஞாபகம் வந்திருக்கிறது. இன்று இந்தோனேசிய மொழியில் ரஃப்லேசியா ஆர்னால்டியின் பெயர் 'பத்மா ரக்சாசா'. அதாவது ராட்சசத் தாமரை. மொழிபெயர்க்கவே வேண்டாம், அப்படியே புரிகிறது. 1993ல் இந்தோனேசிய அரசு மூன்று பூக்களைத் தேசிய மலர்களாக அறிவித்தபோது மல்லிகைக்கும் ஒரு ஆர்க்கிடுக்கும் அடுத்ததாக இதையும் சேர்த்தது. 'புஷ்பா லங்கா', அபூர்வ மலர் என்ற பட்டத்தோடு. புஷ்பாவும் நமக்குத் தெரிந்தவர்தான்.

ஜாவாவில் இதன் மொட்டுகளைச் சந்தையில் விற்பார்கள். பிரசவமான பெண்கள் உடம்பு தேறுவதற்குக் கொடுக்கும் மருந்து அது. எந்த மாதிரி இடத்தில் மொட்டு கிடைக்கும், எந்தக் கொடியில் வரும், எப்போது பறிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் இந்த வியாபாரம் நடந்திருக்க முடியாது. லண்டனில் அதைப் பற்றிச் சந்தேகங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மருந்துக் கடைக்காரப் பெண்ணுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும்.

சரி, இது யார் வீட்டுப் பிள்ளை?

பெயர்ப் பிரச்சினை 1820ல் முடிந்தது. உறவுப் பிரச்சினை முடியவில்லை. தாவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதற்கு இலை, தண்டு, பூவின் அமைப்பு எல்லாம் பார்ப்பார்கள். இதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. பூவோ வேறு எதைப் போலவும் இல்லை. பிரவுனே திணறினார். பெண் பூவும் காயும் கிடைத்து அதைப் பற்றி அவர் வாசித்தது 1834ல்தான். அவருக்குப் பிறகும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

மரபணு ஆராய்ச்சி வந்தபோது சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். முடியவில்லை. 2004ல் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. சில மரபணுக்களைப் பார்த்தால் ஒரு உறவு. வேறொன்றைப் பார்த்தால் திராட்சைக் குடும்பத்து உறவு! காரணம், ரஃப்லேசியா தான் ஒட்டி வாழும் கொடியிடமிருந்து சாப்பாட்டை மட்டும் எடுக்கவில்லை, மரபணுவையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரின் குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துக்கொண்ட மாதிரி.

திருடியதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்து, 2007ல் சார்ல்ஸ் டேவிஸ் குழு 'சயின்ஸ்' இதழில் விடையை வெளியிட்டது. ரஃப்லேசியா வந்தது ஆமணக்குக் குடும்பத்திலிருந்து. மரவள்ளி, ரப்பர், கள்ளி, குப்பைமேனி எல்லாம் சேர்ந்த குடும்பம். குப்பைமேனியின் பூவை யாராவது பார்த்திருக்கிறீர்களா? குனிந்து கண்ணை இடுக்கினால்தான் தெரியும். அந்த வம்சத்தில் உலகின் மிகப்பெரிய பூ! சுமார் 4 கோடியே 60 லட்சம் வருடங்களில் பூவின் அளவு 79 மடங்கு பெருகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஈக்களை ஏமாற்றப் பெரிய பிணம்தான் வசதி போலிருக்கிறது.

ஆச்சரியம் அதோடு நிற்கவில்லை. பச்சைத் தாவரம் ஒவ்வொன்றிலும் பசுங்கணிகத்துக்கு என்று தனி மரபணுத் தொகுதி இருக்கும். ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட ஒட்டுண்ணிகள் கூட அதன் மிச்சம் மீதியை வைத்திருக்கும். 2014ல் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ரஃப்லேசியா லகாஸ்கே இனத்தில் தேடியபோது அது அகப்படவே இல்லை. இதன் உறவான சப்ரியா, அருணாசலப் பிரதேசத்து மிஷ்மி மலையில் வில்லியம் கிரிஃபித் 1836ல் பார்த்த பூ, இந்தியாவில் உள்ள ஒரே நெருங்கிய சொந்தம். சப்ரியாவின் முழு மரபணுத் தொகுதியை 2021ல் படித்தார்கள். மற்றத் தாவரங்களில் பொதுவாகக் காணப்படும் மரபணுக்களில் 44 சதவீதம் அதில் இல்லை. தேவையில்லாததையெல்லாம் விட்டுவிட்டு, வேண்டியதைப் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்கிற வாழ்க்கை.

கொடி போனால் பூவும் போகும்

இப்படி ஒட்டுமொத்தமாக ஒரே கொடியை நம்பி வாழ்வதில்தான் ஆபத்தும் இருக்கிறது. காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தால் டெட்ராஸ்டிக்மா போகும், அதற்குள் யாருக்கும் தெரியாமல் இருக்கும் ரஃப்லேசியாவும் போகும். பூக்காத வருடங்களில் அது அங்கே இருந்ததே தெரியாது, போனதும் தெரியாது. 2023ல் வெளியான ஒரு ஆய்வு, தெரிந்த 42 ரஃப்லேசியா இனங்களில் 60 சதவீதம் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. அவை வாழும் இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு எந்தப் பாதுகாப்பிலும் இல்லை.

தோட்டத்தில் வளர்க்கலாமே என்றால் அதுவும் லேசில் நடப்பதில்லை. போகோர் தாவரவியல் பூங்காவில் டெய்ஸ்மான் என்பவர் 1850களிலேயே விதையைக் கொடிக்குள் செலுத்தி முயன்று வெற்றி கண்டார். பிறகு அந்தக் கலை கைநழுவிப் போயிற்று. அதே பூங்காவில், ரஃப்லேசியா குடியேறிய கொடியின் துண்டை வேறு கொடியில் ஒட்டுக்கட்டி, வருடக்கணக்கில் காத்திருந்து, 2010ல் பட்மாவைப் பூக்க வைத்தார்கள். உலகில் பெரும்பாலான தாவரவியல் பூங்காக்களில் இன்றும் ரஃப்லேசியா என்றால் மெழுகு பொம்மையோ புகைப்படமோதான்.

பெங்குலு மாகாணம் இப்போது தன்னை 'பூமி ரஃப்லேசியா' என்று அழைத்துக்கொள்கிறது. அந்தப் பூமியும் நம் பூமிதான். மலைச் சாலையில் தாபா பெனாஞ்சுங் பக்கம் போகிறவர்கள் சில நாட்களில் சாலையோரத்தில் ஒரு அட்டையைப் பார்க்கலாம். பூ மலர்ந்திருக்கிறது என்று கையால் எழுதியிருக்கும். பக்கத்துக் கிராமத்துக்காரர் யாராவது மாதக்கணக்கில் மொட்டைக் கவனித்து, சுற்றிக் கம்பு நட்டுக் காவல் காத்து வைத்திருப்பார். ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு, வழுக்கும் சரிவில் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு வாரத்தில் பூ கறுத்துச் சேறாகிவிடும். அட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த மொட்டைத் தேடிக் கிளம்பிவிடுவார்.